கால் பார்க்கும் கண்ணாடி

எனக்கு எழுபத்தெட்டு வயது நடக்கிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தாவதுதான் இந்த நினைவு மலரில் படமாக இருக்கும் என் தங்கை. எங்கள் அம்மா தவறியபோது அவளுக்கு நடை பழகும் வயது. என் தலைப்பிள்ளையோடு அவளையும் இடுப்பில் வைத்துக்கொண்டேன். மலரில் ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டுமாம். இடுப்பில் இருந்தவளை அப்படி எழுதக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் பிறந்தது விளாத்திகுளம் பக்கம். வாக்கப்பட்டது கழுகுமலை. புருஷன் சீக்கிரம் போய்விட்டார். தீப்பெட்டி ஆபீஸ் வேலையிலேயே ஒரே மகனை ஆளாக்கினாள்.

நாற்பதுக்கு மேல் சர்க்கரை வந்தது. பருத்தி எடுத்து முடிந்து, செடிமார் வெட்டிய காட்டில் வெறுங்காலோடு நடந்தவளுக்கு, கால் மரத்திருந்ததால் அடிக்கட்டை குத்தியதே தெரியவில்லை. வாடை வந்த பிறகுதான் காலைப் பார்த்தாள். கோவில்பட்டியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கட்டுப் போட்ட நர்சம்மாதான், கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

அதிலிருந்து, ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை கொடுக்கும் நாளெல்லாம் வரிசையில் நிற்பவர்களிடம் போய் நிற்பாள். “தினமும் கண்ணாடி பாருங்க” என்று முதல் தடவை சொன்னாள். அடுத்த தடவை பெண்கள் பவுடர் பூசிக்கொண்டு வந்தார்கள்.

“பாத்தோம்ட்டி, பொட்டு நேராத்தான் இருக்கு.”

“மூஞ்சிய ஊரு பாத்துக்கிடும். நீங்க உள்ளங்காலப் பாருங்க!”

“எட்டு விரல்காரி நமக்குப் பாடம் சொல்லுதா” என்றாள் ஒருத்தி.

“பத்தும் இருக்கையில எனக்கு யாரும் சொல்லலையே மதினி.”

காலைக் கழுவினால் விரலிடுக்கில் ஈரம் போகத் துடைக்க வேண்டும், வெந்நீரில் காலை வைக்கக் கூடாது, செருப்பை உதறிவிட்டு மாட்ட வேண்டும் என்று சலிக்காமல் சொல்வாள். எல்லாம் கேட்டார்கள், காட்டிலும் செருப்பைக் கழற்றாதீர்கள் என்ற ஒன்றைத் தவிர. சோறு போடுகிற மண் என்று காட்டு ஓரத்திலேயே செருப்பைக் கழற்றிவிடுவது நம் வழக்கம். நானும் அப்படித்தான், எனக்கும் சர்க்கரை இருந்தும். அவளுக்கு முன்னால் செருப்பு, அவள் தலை மறைந்தால் வெறுங்கால். வளர்த்தவளுக்கு இவள் என்ன சொல்வது என்ற வீம்பு.

ஒரு வருடம் மிளகாய்ப் பழம் எடுக்கும்போது என் வீட்டுக்கு வந்தவள், கண்ணாடியை என் காலடியில் வைத்தாள்.

“என் காலுக்கு முள்ளு ஏறாதுட்டி. உடைமரத்து முள்ளே ஒடிஞ்சு போகும்.”

“ஒடிஞ்சுதான் உள்ள கெடக்கு. உனக்குத்தான் தெரியல.”

குதிகால் வெடிப்புக்குள் கறுப்பாய் நுனி, சுற்றிலும் சீழ். எருக்கம்பால் வைத்தால் தானாக வரும் என்றேன். காதில் வாங்கவில்லை. ஊக்காலும் தொடவிடவில்லை. ஆட்டோக்காரரை வீட்டு வாசலுக்கே வரச் சொல்லிவிட்டாள். “அண்ணாச்சி, கோவில்பட்டிக்கு விடுங்க. அக்கா காலு ஊனக் கூடாது.” இன்னும் சில நாள் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர்.

ஆறும்வரை கூடவே இருந்து கட்டு மாற்றினாள். “செருப்போட எறங்குனா மண்ணு கோவிச்சுக்கிடாதா?” என்று கேட்டேன்.

“ரெண்டு விரல அதுக்குக் குடுத்துட்டேன்க்கா. நம்ம வீட்டுக்கு அது போதும்.”

அடுத்த விதைப்புக்குச் செருப்போடு காட்டில் இறங்கினேன். ஊர்க்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பிறகு அவர்களும் ஒவ்வொருவராகச் செருப்போடு இறங்கினார்கள்.

போன வருடம் நெஞ்சுவலி வந்து, இரண்டே நாளில் போய்விட்டாள். கிடத்தி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது குனிந்து பார்த்தேன். எட்டு விரல். ஒரு வெடிப்பில்லை, ஒரு கீறலில்லை. என் பிள்ளை சுத்தமாகத்தான் போனாள்.

கடைசிவரை அவளுக்கு நகம் வெட்டிவிட்ட மருமகளுக்கும், அந்த நர்சம்மாவுக்கும், ஆட்டோ அண்ணாச்சிக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். துக்கத்துக்கு வந்தவர்களுக்கும்தான். அன்று வாசலில் கால் வைக்க இடமில்லாமல் செருப்பாகக் கிடந்தது. ஆயுசுக்கும் வெறுங்காலாய்த் திரிந்தவர்களின் செருப்பும் அதில் கிடந்ததைப் பார்த்து, அழுகைக்கு நடுவே எனக்குப் பெருமையாக இருந்தது.

எழுத்துக்கூட்டி இவ்வளவுதான் எழுத முடிந்தது. ஏட்டி பேத்தி, மலருக்குக் கொடுக்கும் முன் முதலிலிருந்து நிதானமாக வாசி. நீ வாசித்து முடிப்பதற்குள் உன் சின்னப் பாட்டியின் கண்ணாடியில் நான் காலைப் பார்த்துவிடுகிறேன்.