குருநகரில் மாமாவின் கல்லறை

படுக்கையும் அடுப்பும் உள்ள எங்கள் வேனை யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரையில் நிறுத்திவிட்டு, நானும் மனைவியும் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைகிறோம். இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்தில் இருந்து இங்கே இறந்த மாமாவைக் கவனிக்க யாருமில்லையே என்பது திருச்சியில் இருக்கும் அம்மாவின் தீராத கவலை. கல்லறையோ புதிதாக வெள்ளையடித்துப் பளிச்சென்று இருக்கிறது. பக்கத்தில் தன் கணவரின் கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்த பிலோமினா என்ற அக்கா நிமிர்கிறார்.

“உவருக்கு ஆளில்லை எண்டு நாங்கள்தான் பாக்கிறனாங்கள், தம்பி. ஆத்துமாக்கள் திருநாளுக்கு மெழுகுதிரி கொளுத்தி, பொரிச்ச மீனும் வைக்கிறனாங்கள்.”

“மாமா மீனே தொடமாட்டாராம், அக்கா.”

அவர் சற்று யோசிக்கிறார். “இவ்வளவு வருசத்திலை ஒருநாளும் வேண்டாமெண்டு சொல்லேல்லையே.”

அம்மாவிடம் மெழுகுதிரியை மட்டும் சொல்வதென்று நானும் மனைவியும் சிரித்தபடி முடிவு செய்கிறோம்.