தொட்டும் நகராத திரை

பள்ளிக்கு அந்த டேபிளட் வந்த நாளிலிருந்து நான் நிம்மதியாகப் பாடம் நடத்தியதில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இனிமேல் திரையைத் தொட்டுத்தான் பரீட்சை எழுத வேண்டும் என்று உத்தரவு. எங்களுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஓரத்தில் கீறல் விட்டது. நெட் என் சொந்த போனிலிருந்து. ஜன்னலோரம் இரண்டு கோடு காட்டும், மேசைக்கு வந்தால் ஒன்றுமில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானே ஒரு டவராக நின்றேன்.

நான் பெரம்பலூர்ப் பக்கம், குரும்பலூர்க்காரி. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பார்த்து வளர்ந்தவள். மாற்றலில் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்து ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஜெயங்கொண்டத்தில் அறை எடுத்துத் தங்கி, டவுன் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன்.

எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வாயை மூடிக்கொண்டு விடை சொல்லத் தெரியாது. திரை ஒருவனிடம் கேள்வி கேட்டால் பின்னால் இருக்கும் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். அதில் முதல் குரல் எப்போதும் ஒரு பெண்ணுடையது. ரெட்டைச் சடை, முன்பல் ஒன்று விழுந்து பாதி முளைத்திருக்கும். கேள்வியை முடிக்க விட மாட்டாள். "கொஞ்சம் பொறுடி, மத்தவங்களும் படிக்கத்தான் வந்திருக்காங்க" என்று தினமும் அவள் வாயை அடைப்பேன். உள்ளுக்குள் பெருமைதான்.

பங்குனி மாதத்தில் பரீட்சை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அவள் முறை வந்தது. முதல் கேள்வி, நான்கு படம். சரியான படத்தின் மேல் விரலை வைத்தாள். திரை நகரவில்லை. மறுபடி வைத்தாள். அழுத்தினாள், தேய்த்தாள். மேலே ஓடிய நேரக் கோடு தீர்ந்து அடுத்த கேள்வி தானாக வந்துவிட்டது.

"அழுத்தாத பாப்பா, சும்மா தொடு."

"தொடறேன் டீச்சர். அதுக்குத் தெரியல."

நடுவில் ஒருமுறை நான் தொட்டுப் பார்த்தேன். பட்டென்று நகர்ந்தது. அப்படியானால் திரையில் கோளாறு இல்லை, பிள்ளைதான் பயப்படுகிறாள் என்று முடிவு கட்டினேன். அவளோ விடையை வாயால் சொல்லிக்கொண்டே இருந்தாள், எல்லாம் சரி. ஆசிரியர் விரல் படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குமேல் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் முடிவு வந்தது. அவள் பெயருக்கு நேரே சிவப்பு. சிவப்புப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து அ, ஆவிலிருந்து சொல்லித்தர வேண்டும். சொன்னபடி செய்தேன். என் கையாலேயே அவள் பையை எடுத்துச் சுவரோரம் வைத்தேன். அன்றைக்கு என்னை நானே ஓங்கி அறைந்துகொண்டிருந்தால் தேவலை.

அடுத்த நாளிலிருந்து அவள் குரல் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் மற்றவர்கள் சேர்ந்து கத்தினார்கள். அவள் குனிந்து அட்டையில் ஒட்டிய எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் நேராகக் கேட்டேன். "உனக்குத் தெரியும்ல, ஏன் சொல்ல மாட்டேங்கிற?" அவள், "நான்தான் மக்காச்சே டீச்சர்" என்றாள். கோபமில்லை, அழுகையில்லை, பெயரைக் கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். எனக்குத்தான் வகுப்பில் இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் ஏறினாலும் அதே நினைப்பு. அந்த டேபிளட்டைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டுக் காணவில்லை என்று எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒரு வாரம் கழித்து மதியச் சாப்பாட்டு வேளை. அவள் முட்டையை மட்டும் சாப்பிட்டுவிட்டுச் சாம்பார் சாதத்தை அப்படியே வைத்திருந்தாள். "சோத்த வீணாக்காதன்னு எத்தன தடவ சொல்றது?" என்று கத்தினேன்.

"எரியுது டீச்சர்."

"அவ்ளோ காரமாவா இருக்கு?"

"வாயி இல்ல டீச்சர், கையி."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் கறுத்து, தோல் உரிந்து, உரிந்த இடம் காய்ந்து தடித்து இருந்தன. ரேகை என்று ஒன்று இல்லை. பக்கத்தில் நின்ற சமையல்கார அக்கா எட்டிப் பார்த்தார். "முந்திரி ஒடைக்கிற கை டீச்சர். ஓட்டுலேர்ந்து எண்ண கசியும்ல, அது பட்டா தோல தின்னுடும். நீங்க பெரம்பலூர்ப் பக்கம், ஒங்களுக்குத் தெரியாது."

தெரியாதுதான். ஆனால் அந்தக் கை எழுதிய நோட்டைத்தானே தினமும் திருத்தினேன். எழுத்தைப் பார்த்தேன், விரலைப் பார்க்கவில்லை. நான் நாளெல்லாம் திட்டிய அந்தக் கண்ணாடிப் பலகைதான் முதலில் கண்டுபிடித்தது. அந்த அவமானம் இப்போதும் எனக்குப் போகவில்லை.

அன்று பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் சாக்கு விரித்து அவளுடைய அம்மா கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தட்டில், எண்ணெய் ஒட்டாமலிருக்க விரலில் தொட்டுக்கொள்ளச் சாம்பல். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"வாங்க டீச்சர். அவ ஸ்கூலு வுட்டு வந்து செத்த நேரந்தான் ஒடைக்கும். படிப்புல கொற வைக்கலீங்க. எதாச்சும் எழுதிக் குடுத்துடாதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவர் கையைப் பார்த்தேன். பத்து விரலும் மகளுடைய மூன்று விரலைப் போலவே இருந்தன. கொண்டுபோன கோபம் எங்கோ போய்விட்டது. பிள்ளையை இந்த வேலைக்கு விடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"ரெண்டு வாரத்துல மறுபரீட்சை இருக்குங்க. தொட்டுத்தான் எழுதணும். ஒரு வெரலயாவது அதுக்கு வுட்டு வைங்க."

அவர் ஆகட்டும் என்று தலையாட்டினார். தெரு முனைக்கு வந்த பிறகுதான் நான் கேட்ட வரத்தின் லட்சணம் எனக்கு உறைத்தது. பிள்ளைக்காகப் போனவள், பரீட்சைக்காக ஒரு விரல் கேட்டுவிட்டு வந்திருந்தேன். திரும்பிப் போய் மாற்றிச் சொல்லத் தைரியம் வரவில்லை.

மறுபரீட்சை அன்று கல்வி அதிகாரியும் வந்து உட்கார்ந்திருந்தார். அவள் இடது கைச் சுண்டுவிரலில் பழைய புடவைத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, பொறுமையாகத் துணியை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கறையும் இல்லாத விரல். அதை நீட்டித் தொட்டாள். திரை நகர்ந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்தது, அதற்கடுத்தது. நேரக் கோடு பாதி இருக்கும்போதே எல்லாம் முடிந்தது. பெயருக்கு நேரே பச்சை.

"பாத்தீங்களா டீச்சர்? தனியா கவனிச்சா பிள்ளைங்க எப்படி வந்துடறாங்க!" என்றார் அதிகாரி. முந்திரியைப் பற்றி நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த வீட்டுக்கு யார் போவார்கள், என்ன ஆகும் என்ற பயம். "ஆமாங்க சார்" என்றேன்.

அவர் போனதும் அவள் என் மேசைக்கு வந்தாள். பையைப் பழைய இடத்தில் வைக்கலாமா என்று கேட்டாள். வை என்றேன். வைத்துவிட்டு மறுபடி வந்தாள்.

"பரீட்ச முடிஞ்சிட்டா டீச்சர்?"

"முடிஞ்சிடுச்சி."

"அப்ப இந்த வெரலு இனிமே வேணாம்ல? அம்மா கேட்டுட்டு வரச் சொன்னுச்சி."

"முடியல, முடியல. திங்கக்கெழம இன்னொண்ணு இருக்கு. அதுக்குப் பத்து வெரலும் வேணும்னு அம்மாகிட்ட சொல்லு" என்றேன்.

அப்படி ஒரு பரீட்சை எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது. திங்கட்கிழமை என் போனில் நானே ஒன்றை வைத்தேன், ஒரு கேள்விக்கு ஒரு விரல் என்று. அதற்கடுத்த திங்களும் வைத்தேன். தடித்த தோல் மெல்ல உதிர்ந்து, நடுவிரலுக்குத் திரை நகர ஆரம்பித்தது. கோடை விடுமுறைக்குப் பள்ளியைப் பூட்டும்வரை இப்படியே ஓட்டினேன். முந்திரிக் காலம் அதற்கப்புறமும் ஒரு மாதம் இருந்தது.