விலை வைக்காத மண்பறவைகள்

அரிசி டிரம்முக்குள்ளிருந்து போன் அடிக்கும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல அமுங்கிக் கேட்கும். அம்பத்தூரில் நான் வேலை பார்த்த மாவுக் கடையில், காலை ஆறு மணியானால் கடைக்கார அக்கா தன் போனைத் துணியில் சுற்றி, இட்லி அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்துவிட்டு மூடியைப் போடுவார். முதல் நாள் பார்த்தபோது, போன் தண்ணீரில் விழுந்திருக்கும், ஈரம் போக வைக்கிறார் என்று நினைத்தேன். "ஈரமெல்லாம் ஒண்ணும் இல்ல நைனா. கைக்கு எட்டுற எடத்துல கீதுன்னா எடுத்துடுவேன். அதான்" என்றார்.

அதற்கு முன்பு கடையே அந்தப் போனுக்குள்தான் இருந்தது. சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்த பிறகு யாரும் கடைக்கு நடந்து வருவதில்லை. எத்தனை கிலோ வேண்டும் என்று செய்தி போடுவார்கள், நான் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பேன். மாவு புளித்துவிட்டது என்று ஒரு வீட்டிலிருந்தும், புளிக்கவே இல்லை என்று எதிர்வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் வரும். அக்கா சாப்பிடும்போதுகூட இடது கையால் பதில் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருக்க, தண்ணீர் தெளிக்க மறந்து போனையே பார்த்தபடி நின்றுவிட்டார். கல் சூடேறி உளுந்து மொத்தமும் வீணானது. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, "மெஷின வித்துடலாம்னு கீறேன் நைனா. இதுக்கு மேல என்னால ஆவாது" என்றார். நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். புது ஆளிடம் வாய் திறந்து வேலை கேட்கவும் கூச்சம். அந்த மெஷின் போனால் எனக்கும் போக்கிடம் இல்லை.

பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் இதைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். நாள் முழுக்க உடைந்த திரைகளைப் பார்க்கிறவர். விடிந்ததும் கொரட்டூர் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துவிட்டு வந்துதான் கடை திறப்பார். "யக்கா, மெஷின் எங்கியும் ஓடாது, அப்பால வித்துக்கலாம். நாளைக்கு ஏரிப் பக்கம் வா" என்றார்.

"ஏரில இன்னாடா கீது?"

"ஒண்ணியும் இல்ல. அதான் நல்லா கீது."

அக்கா நம்பவில்லை. ஆனாலும் போனார். பின்னால் நானும் போனேன். போனை அரிசி டிரம்மில் புதைத்துவிட்டு வந்தும், முதல் சில நாட்கள் அவர் கை சும்மா இருக்காமல் இடுப்பில் அதைத் தேடும். பிறகு ஒரு நாள், தண்ணீர் வற்றிய ஓரத்திலிருந்து களிமண்ணை அள்ளிப் பிசைய ஆரம்பித்தார். மாவின் பதம் பார்த்த கை, மண்ணின் பதமும் அதற்கு உடனே பிடிபட்டது. எதிரே தண்ணீரில் நாமக்கோழிகள் முங்கி எழுவதைப் பார்த்தபடி ஒரு நாமக்கோழியைச் செய்தார். அடுத்து கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும் கொக்கு. நானும் ஒன்று செய்தேன். அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாய்யா இது, கொழுக்கட்டைக்கு மூக்கு வெச்ச மாரி கீது!" செல்போன் கடைக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். செய்தவற்றைக் கரையிலேயே விட்டுவிட்டு வருவோம். மழை வந்தால் கரைந்து ஏரிக்கே போய்விடும். அக்கா அதற்காக வருந்தியதில்லை. மெஷினை விற்கும் பேச்சும் நின்றது.

மறுபடியும் அந்தப் பேச்சை அவர் எடுத்தது ஒரு மீன்கொத்தியால். அது அத்தனை அழகாக வந்துவிட்டதால் கடைக்குக் கொண்டுவந்து காய வைத்தார். தினமும் 'மாவு ரெடி' என்று படம் போடும் பழக்கத்தில், அதையும் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். மத்தியானத்துக்குள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், என்ன ரேட்? ஒரு மேடம், தன் மகள் பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் ரிட்டர்ன் கிஃப்டாக வேண்டும் என்றார். அக்காவின் கட்டைவிரல் யோசிக்காமலேயே சரி என்று பதில் போட்டுவிட்டது. வியாபாரம் செய்கிறவர்களின் கை அப்படித்தான், கேட்டால் இல்லை என்று சொல்ல வராது.

அதன் பிறகு போனும் ஏரிக்கு வந்தது. படத்தைத் திறந்து மண் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, அதே மூக்கு, அதே வால் என்று செய்தார். தண்ணீர்ப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. கழுத்து சற்றுத் திரும்பி அமைந்த ஒன்றை, மாதிரி போல இல்லை என்று கையாலேயே நசுக்கினார். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் அழகாகத் தெரிந்தது, சொல்ல வாய் வரவில்லை. அந்த வாரம் மறுபடியும், "யார்னா மெஷினு வாங்குவாங்களான்னு கேட்டு வை நைனா" என்றார்.

மறுநாள் பாதி செய்த பறவை கையில் இருக்கும்போது போன் அடித்தது. எல்லாம் ஒரே நிறத்தில் வேண்டும் என்றார் மேடம். அக்கா கையிலிருந்த பறவையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், "மேடம், மாவு எவ்ளோ வேணாலும் கேளுங்க, ரேட் சொல்றேன். இதுக்கு ரேட் தெரில. தெரிஞ்சிதுன்னா நான் இங்க வந்து ஒக்கார மாட்டேன். மன்னிச்சிருங்க."

"நாள் நெருங்கினப்புறம் சொல்றீங்களே, நீங்களும் பிசினஸ் பண்றவங்கதானே?"

"கடையில பண்றேன் மேடம்."

அந்த அடுக்குமாடியிலிருந்து கொஞ்ச நாள் யாரும் மாவு கேட்கவில்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது. அக்கா போனைப் பழையபடி அரிசி டிரம்மிலேயே விட்டுவிட்டு வந்தார். ஒரு ஞாயிறு காலை அந்த மேடமே மகளோடு கரையில் வந்து நின்றார். அந்தப் பெண் படத்திலிருந்த மீன்கொத்தியைக் கேட்டு அடம் பிடித்தாளாம். "விக்க மாட்டேன், ஆனா மண்ணு நெறைய கீது, வந்து ஒக்காரு கண்ணு" என்றார் அக்கா. செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மேடமும் கடைசியில் உட்கார்ந்தார். மெஷினுக்கு ஆள் பார்க்கும் வேலையை அக்கா அதற்குப் பிறகு எனக்குத் தரவில்லை.

இப்போது அக்காவின் கடையில் இரண்டு மெஷின் ஓடுகிறது. நானும் நெமிலிச்சேரியில் சின்னதாக ஒரு மாவுக் கடை வைத்துவிட்டேன். போன் முழுக்க ஆர்டர்தான். காலையில் எங்கள் பக்கத்து ஏரிக்குப் போகிறேன். போன வாரம் அங்கே நடக்க வந்த வாடிக்கையாளர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணே, சாயந்திரம் வீட்ல விசேஷம், அஞ்சு கிலோ எழுதிக்குங்க" என்றார். முன்பெல்லாம் நான் தலையை ஆட்டிவிட்டு அப்போதே எழுந்து ஓடியிருப்பேன்.

"கடைக்கு வந்து சொல்லுங்க சார், இப்ப வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து என் கையிலிருந்த களிமண்ணைப் பார்த்தார். "அது என்னண்ணே, வாத்தா?"

"இன்னும் தெரில சார்" என்றேன்.

அவர் கைக்குட்டையை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.