வைடால் என்றொரு வேதவாக்கு

சித்தூரில் எங்கள் சபையில் அப்போது நூற்றுப் பதினான்கு குடும்பங்கள். வைத்தியம் தெரியாத குடும்பம் அதில் ஒன்றுகூட இல்லை. படுத்திருப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் கையில் நாலு சாத்துக்குடியும் வாயில் ஒரு தீர்ப்புமாக வருவார்கள். சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போனால் போதாதா? தீர்ப்பையும் சொல்லிவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டு, காபி குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

எழுபதுகளின் நடுவில் என் தங்கையின் கணவர் படுத்தபோது இவர்களை எல்லாம் நான் ஒரே கூரையின் கீழ் பார்த்தேன். அவர் ரேணிகுண்டாவில் டிக்கெட் பரிசோதகர். ரயில்வே ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. இலவசமாகக் கிடைக்கும் வைத்தியம் உடம்பில் ஒட்டாது என்பது அவருடைய கொள்கை. ஆகவே காய்ச்சலோடு ரயிலேறி மாமியார் வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, வந்து சேர்ந்தார்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. புரட்டாசித் திருவிழாவுக்குத் திருப்பதி வரும் ஜனங்களுக்கு ஸ்டேஷனிலேயே ஊசி போடுவார்கள். காலராவுக்கும் டைபாய்டுக்கும் சேர்த்து ஒரே ஊசி. கிராமத்து ஜனங்கள் அதைக் கண்டதும் ஓடுவார்கள். அவர்களுடைய பயம் தெளிவதற்காக என் மாப்பிள்ளை கறுப்புக் கோட்டைக் கழற்றி, வரிசைக்கு முன்னால் நின்று, முதல் ஆளாகத் தன் கையை நீட்டுவார். ஸ்டேஷனில் நீட்டியது போதாமல், மலையடிவாரத்து முகாமுக்கும் போய் அங்கேயும் நீட்டுவார். இரண்டு ஊசி போட்டுக்கொண்டால் இரண்டு மடங்கு பலமாம். இப்படி ஒன்பது திருவிழா. பதினெட்டு ஊசி. பெருக்கிப் பார்க்கச் சொன்னால் அதையும் பெருமையாகவே பெருக்குவார்.

அந்த வருஷம் நானும் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். நான் உயிரியல் ஆசிரியர், சாரணர் படைக்கும் பொறுப்பு. இருபத்து நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டு திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போனபோது எனக்கும் போட்டார்கள். இரண்டு நாள் கை வீங்கியது, அவ்வளவுதான்.

திருவிழா முடிந்து சில வாரங்களில் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். ஒரு நாள் மத்தியானம் பல் கிட்டும் அளவுக்குக் குளிர், பிறகு அனல், பிறகு பாய் நனைய வியர்வை. மறுநாள் ஒன்றுமில்லை, எழுந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். அதற்கு மறுநாள் அதே நேரத்துக்குக் குளிர். இதைக் கவனிக்க எந்தப் படிப்பும் வேண்டாம், கண் இருந்தால் போதும். எங்கள் டாக்டருக்கு இரண்டு கண்ணும் இருந்தன. ஆனால் அவர் பார்த்தது காகிதத்தை.

டைபாய்டு இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் வைடால் பரிசோதனையின் காகிதம் அது. டைபாய்டுக்கு இரண்டு, அதன் பங்காளிகளான பாராடைபாய்டு நோய்கள் இரண்டுக்கும் ஒவ்வொன்று என நான்கு வரிசை, நான்கிலும் பெரிய பெரிய எண்கள்.

"நாலு வரிசையும் பாசிட்டிவ், மாஸ்டாரு. இதைவிட டைபாய்டு எங்க கிடைக்கும்?" என்றார் டாக்டர்.

பத்தாம் வகுப்புப் பையனுக்குச் சொல்கிற மாதிரி அவருக்குச் சொன்னேன். கிருமி உள்ளே வந்தால் அதைப் பிடித்து ஒட்டிக்கொள்ள ரத்தம் ஒரு புரதத்தைச் செய்துகொள்கிறது. அதுதான் எதிர்ப்பொருள். டைபாய்டு கிருமிக்குச் செய்தது டைபாய்டில்தான் ஒட்டும், வேறொன்றில் ஒட்டாது. ஊசியில் இருப்பது டைபாய்டு, அதன் பங்காளிகள் இரண்டு ஆகியவற்றின் செத்த கிருமி. வந்தது செத்ததா உயிருள்ளதா என்று ரத்தம் விசாரிப்பதில்லை, இரண்டுக்கும் அதே எதிர்ப்பொருளைச் செய்கிறது, செய்ததை மாதக்கணக்கில் வைத்திருக்கிறது. பரிசோதனைச் சாலையில் நோயாளியின் ரத்த நீரை இரட்டிப்பு இரட்டிப்பாக நீர்க்கவைத்து, செத்த கிருமியோடு கலக்கிறார்கள். எந்த அளவுவரை கிருமி திரிந்து அடியில் படிகிறதோ அந்த எண்ணை எழுதுகிறார்கள். அந்த எண் என்ன சொல்கிறது? இந்த ரத்தம் அந்தக் கிருமியை என்றோ சந்தித்திருக்கிறது என்று. இன்றைக்குச் சந்தித்ததா, திருவிழா ஊசியில் சந்தித்ததா என்று அது சொல்லாது. டைபாய்டும் அதன் பங்காளி நோய்கள் இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் வருமா? நான்கு வரிசையும் ஏறியிருப்பதே ஊசியின் வேலை. ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், எண் இன்னும் ஏறினால் நோய் என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் மலேரியாவுக்கு ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பாருங்கள் என்றேன்.

மலேரியா இந்த தேசத்தை விட்டுப் போய்விட்டது, சர்க்காரே சொல்லிவிட்டது என்றார். பிறகு, "நீங்க ஸ்கூல்ல தவளையை அறுங்க மாஸ்டாரு. மனுசனை நான் பாத்துக்கறேன்" என்றார். காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஏழு பேர். அதில் மூன்று பேர் என்னிடம் படித்தவர்கள்.

வீட்டில் கஞ்சியும் டைபாய்டு மாத்திரையும் தொடர்ந்தன. மாப்பிள்ளையின் கண் மஞ்சளாயிற்று, உதடு வெளுத்தது, இடது விலாவுக்குக் கீழே கைவைத்தால் மண்ணீரல் கல் மாதிரி தட்டுப்பட்டது. பார்க்க வந்தவர்கள் டைபாய்டு முற்றினால் அப்படித்தான் என்றார்கள். வைடால் காகிதம் கைக்குக் கை போயிற்று. நான்கில் ஒரு வரிசைக்கும் பொருள் தெரியாதவர்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உச்சுக் கொட்டினார்கள். என் தங்கை வாசற்படியில் உட்கார்ந்து எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

ஒரு நாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு அதே பரிசோதனைச் சாலைக்குப் போய் என் ரத்தத்தைக் கொடுத்தேன். சாயங்காலம் காகிதம் வந்தது. நான்கு வரிசை, நான்கிலும் பெரிய எண்கள். அதை டாக்டர் மேஜைமேல் வைத்தேன். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வெட்கப்பட ஒரு குறைந்தபட்ச அறிவு வேண்டும் என்பதை மறந்துவிட்டேன்.

"உங்களுக்கும் இருக்குது. ஒரே வீடு இல்லியா, தொத்திக்கிச்சு. கஞ்சி குடிச்சிக்கினு படுங்க."

மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்போடு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். ஆரம்பத்தில் பசி எடுக்கும் என்று சொல்லி, எனக்கும் அதே மாத்திரையை எழுதினார்.

வீட்டுக்கு வந்து இரண்டு காகிதத்தையும் தங்கையிடம் கொடுத்தேன். நான் விளக்கவில்லை. விளக்கி விளக்கித் தொண்டை காய்ந்திருந்தது. அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணா, நீ மூணு வேளையும் துன்னுக்கினு, சைக்கிள் மிதிச்சிக்கினு திரியிற. உனக்கும் டைபாய்டுன்னு எழுதியிருக்கான்."

"ஆமாம்."

"அப்போ இவருக்கு வந்தது இன்னான்னு இன்னும் யாருமே பாக்கல."

"ஆமாம்."

அவள் எழுந்தாள். பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு போகலாம் என்று உள்ளே இருந்த சபை மூப்பர் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாடகைக் கார் பிடித்து, மாப்பிள்ளையைப் போர்வையோடு படுக்கவைத்து வேலூருக்குப் போனோம். ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு சொட்டு ரத்தம். மலேரியா. இன்னும் இரண்டு காய்ச்சல் வந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டார் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். குளிர் நின்றது.

பிழைத்த மனிதருக்கு முதலில் வந்த சந்தேகம் இது: "மச்சான், ஆபீஸ்ல எல்லாருக்கும் டைபாய்டுன்னு சொல்லி அனுப்பிட்டேன். இப்போ மலேரியான்னு சொன்னா அல்பமா இருக்காதா?"

அல்பமாகத்தான் இருந்தது, ஆனால் நோய் அல்ல. அவர் கடைசிவரை டைபாய்டு என்றே சொன்னார். சபையில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்து, நோயைச் சரியாகக் கண்டுபிடித்ததற்காக அந்த டாக்டருக்கு மாலை போட்டார்கள். நான் எழுந்து நிற்கப் போனேன். தங்கை என் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"உடு அண்ணா. இவர் உசிரோட பக்கத்துல உக்காந்துக்கினு இருக்காரு இல்ல."

உட்கார்ந்தேன். அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டிக்கொண்டு.