இவர் தேவையில்லை

வெள்ளவத்தை ரயில் நிலையத்துக்குத் தனியாக ரயில்வே பொலிஸ் தேவையில்லை என்று சொன்னவன் நான். கேட்டவர் ஓர் அதிகாரி. யாரும் என்னை மிரட்டவில்லை.

யுத்த காலம். கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பனியில் கிளாக்காக இருந்தேன். காலை ரயிலில் என்னோடு வருபவன் யோகன். கிருலப்பனையில் வாடகை அறை; அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அந்த ஒரு சொல் அன்று எவ்வளவு பாரம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மேடையில் நின்ற சார்ஜன்ட் ரயில்வே பொலிஸைச் சேர்ந்த சிங்களவர். வருடக்கணக்காக அங்கேயே நின்றதில் எங்கள் முகமெல்லாம் அவருக்குப் பாடம். இராணுவத்தினர் அட்டை கேட்டு மறித்தால், தூரத்திலிருந்தே சத்தம் போடுவார்: "மே அபே கட்டிய." சிங்களத்தில், இவர்கள் நம்ம ஆட்கள் என்று அர்த்தம். உடனே விட்டுவிடுவார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை... பொலிஸ்காரர் ஒருவர் ஊரறிய என்னை நம்ம ஆள் என்றால், மற்றத் தமிழர் என்ன நினைப்பார்கள்? தகவல் கொடுப்பவன் என்றல்லவா? யோகன் சிரிப்பான். "விடுங்கோ அண்ணை, அந்த மனுசன் கத்திறதாலதான் நான் வேலைக்குப் போய்ச் சேருறன்."

ரயில்வே பொலிஸை வைத்திருப்பதா, ஊர்ப் பொலிஸிடமே விட்டுவிடுவதா என்று பயணிகளிடம் கேட்க வந்தார் அந்த அதிகாரி. யோகன் அன்று லீவு. பொலிஸ் எல்லாம் ஒன்றுதானே, இவர் தேவையில்லை என்றேன், சுத்தமான சிங்களத்தில். என் சொல்லால்தான் அவரை எடுத்தார்களா? தெரியாது. அந்தத் தெரியாததற்குள் ஒளிந்துகொள்ளவும் பார்த்திருக்கிறேன்.

சார்ஜன்ட் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்தார்கள். அடுத்த வாரமே யோகனை மறித்தார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இவரை எனக்குத் தெரியும் என்று சொல்ல எனக்கும் வாய் இருந்தது. பயந்தேன். ரயில் வந்தது, ஏறிவிட்டேன்.

பல மாதம் தடுத்து வைத்திருந்துவிட்டு அவனை விட்டார்கள். வேலை போய்விட்டது. நான் கொட்டாஞ்சேனைக்கு வீடு மாறி, பஸ்ஸில் போய்வரத் தொடங்கியிருந்தேன். விசாரித்துக்கொண்டு தேடி வந்தான்.

"அந்த சார்ஜன்டை எவன் அண்ணை எடுக்கச் சொன்னவன்? அவர் நிண்டிருந்தா எனக்கு இது நடந்திராது."

"ஆருக்குத் தெரியும்" என்றேன்.

இன்னும் வருகிறான். போன ஞாயிறு மகளையும் கூட்டிவந்தான். "மாமாவுக்கு வணக்கம் சொல்லு. எங்கட ஆள்" என்றான்.

பிள்ளை கும்பிட்டது. நானும் கும்பிட்டேன்.