லீலாபாய் அக்கா ஊறப்போட்ட வாஷர்

என் பம்புக் கடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டு, புதிதாக வந்த பெட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தபோது லீலாபாய் அக்காவிடம் வேலை பார்க்கும் புஷ்பம் போன் செய்தாள். "அண்ணாச்சி, அக்கா போயிட்டாவ. காலையில சாயா போட எழும்பினாவ, அடுக்களையிலயே விழுந்துட்டாவ." பிறகு, "அஞ்சுகிராமத்துல ஒரு வீட்டு ஓட்டுக்கு நம்ம ஆளுவ பிளீச்சிங் அடிச்சாச்சு. விட்டுட்டு வரச் சொல்லவா?" என்று கேட்டாள். பிளீச்சிங் அடித்த ஓட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் போனால் ஓடும் கெடும், கீழே நிற்கும் செடியும் கருகும். "கழுவிட்டு வரட்டும்" என்றேன். அக்காவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

களியக்காவிளை முதல் அஞ்சுகிராமம் வரை ஓடு கழுவுவது, சுவரில் பாசி எடுப்பது, மரத்துக்கு ஸ்டெயின் என்கிற எண்ணெய்ச் சாயம் அடிப்பது என்று கான்ட்ராக்ட் எடுக்கிற எல்லோருக்கும் லீலாபாய் அக்காவைத் தெரியும். மஸ்கட்டில் ஒரு கிளீனிங் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். அவரிடம் வேலைக்கு நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள், ஒரு பழைய டெம்போ. அவரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அவரோடு வியாபாரம் செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவர் முதன்முதலில் கடைக்கு வந்தபோது என்னிடம் இருந்ததெல்லாம் வயலுக்கும் ரப்பர் மரத்துக்கும் மருந்தடிக்கிற பம்புகள்தான். "எல்லாத்துக்கும் ஆவும் அக்கா" என்று ஒன்றை எடுத்து நீட்டினேன். வாயால் விற்றே கடை வைத்தவன் நான். அவர் பம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மக்கா, எனக்கு ரெண்டு வேலை. ஒண்ணு பிளீச்சிங் தண்ணி, இன்னொண்ணு எண்ணெய் ஸ்டெயின். ரெண்டும் ஒரு வயித்துல கெடக்குமா?"

"கழுவிட்டு மாத்தி ஊத்தலாமே."

"நீ சாயா குடிச்ச கிளாஸுல மண்ணெண்ணெய் ஊத்துவியா?"

அன்று அவர் பம்பு வாங்கவில்லை. உள்ளே போடுகிற ரப்பர் வாஷர் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கினார். பையிலிருந்து ஸ்டெயின் ஊற்றிய சிறு குப்பியை எடுத்து, வாஷரை அதற்குள் போட்டு, மூடி, என் மேசைமேலேயே வைத்தார். "மூணு நாள் கெடக்கட்டு. எடுத்துராத, கேட்டியா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான்காம் நாள் வந்து திறந்தபோது வாஷர் ஊறின உளுந்துபோல உப்பியிருந்தது. "இதை நம்பியா எனக்க பிள்ளைகளை சாரத்துல ஏத்த?" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் ஸ்டெயினுக்குத் தாங்குகிற வாஷர் எங்கே கிடைக்கும் என்று ஆறு இடத்தில் விசாரித்து வரவழைத்தேன். பிளீச்சிங்குக்குப் பித்தளை மூக்கு உதவாது, பிளாஸ்டிக் வேண்டும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அவருடைய பம்புகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லலாம். பிளீச்சிங் பம்புக்குச் சிவப்புப் பட்டை, ஸ்டெயின் பம்புக்குக் கறுப்புப் பட்டை. வேலை முடிந்ததும் காற்றை இறக்கி, ஸ்டெயின் பம்பை டர்பன்டைனிலும் மற்றதை நல்ல தண்ணீரிலும் அலசி, மூடியைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கும்வரை யாரும் டெம்போவில் ஏறக் கூடாது. கழுவாத பம்போடு என் கடைக்கு ரிப்பேருக்கு வந்த ஒரு கான்ட்ராக்டரைப் பார்த்து, "உன் வீட்டுல சோத்துப் பானை எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்டே" என்று ஒருநாள் சொன்னார். அந்த ஆள் அதற்குப் பிறகு பம்பை மினுக்கிக்கொண்டுதான் வருவார்.

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

அக்காவின் சொந்த கிறிஸ்தவ சபையில், கோயிலின் உட்கூரையான பழைய அயனி மரப் பலகை மச்சுக்கு ஸ்டெயின் அடிக்கிற வேலை வந்தது. கோயில் பிரதிஷ்டையான நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பெண்ணாளிடம் கொடுப்பதா என்று கமிட்டியில் பேச்சு எழுந்து, கடைசியில் அரை மனதாகக் கொடுத்தார்கள். கூடுதலாக நான்கு பம்பு வேண்டும் என்று அக்கா போன் செய்தார். பம்பு இருந்தது. ஸ்டெயினுக்குத் தாங்குகிற அந்த வாஷர் தீர்ந்துபோயிருந்தது. அதே அளவில், அதே கறுப்பில் வேறு வாஷர் ஒரு பெட்டி இருந்தது. அதைப் போட்டு அனுப்பினேன்.

"அதே வாஷர்தானா மக்கா?"

"அதேதான் அக்கா."

ஊறப்போட்டுப் பார்க்க அவருக்கு நாள் இல்லை. என் வார்த்தையை எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் கோயிலுக்கு வரச் சொல்லி அக்கா ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், அடித்து முடித்த பலகையில் கைப்பிடி அகலத்துக்குக் கரும்புள்ளிகள். பீடத்துக்குப் பின்னால் வெள்ளைச் சுவரில் ஸ்டெயின் ஒழுகியிருந்தது. பம்பு இறுகி நின்று, பிறகு ஒரேயடியாகத் துப்பியிருக்கிறது. புஷ்பம் சாரத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கீழே கமிட்டிச் செயலாளர் கைகட்டி நின்றார். "ஏட்டி, பம்பு பிடிக்கப் படிக்காமலா மேல ஏறினே?" என்று அவளைக் கேட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினார். "நாளைக்கு வேற ஆளு வரும். நீங்க சாமானை எடுத்துக்கிடுங்க."

அக்கா பம்பைக் கழற்றினார். உப்பிப்போன வாஷரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன், என்னை எனக்குத் தெரியும். அங்கே நின்ற கமிட்டிக்காரர்களில் பாதிப் பேர் என் கடைக்கு வருகிறவர்கள். மேலே அழுகைச் சத்தம் நிற்கவில்லை.

"அந்தப் பிள்ளைக்க கையில தப்பில்ல" என்றேன். "அக்கா கேட்ட வாஷர் எங்கிட்ட இல்ல. வேற போட்டு, அதுதான்னு பொய் சொன்னேன். தப்பு என்னுது."

செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கடைக்காரன் இப்பிடிச் சொல்லி இன்னைக்குத்தான் கேக்கேன்" என்றார். சிரித்தாரா கோபப்பட்டாரா, இன்றுவரை தெரியாது. ஆனால் வேறு ஆளை அழைக்கும் பேச்சை விட்டுவிட்டார்.

அக்கா ஒரு பழந்துணியை என் கையில் திணித்தார். "சொல்லியாச்சுல்லா? இனி மேல ஏறு." அன்று சாயங்காலம்வரை சாரத்தில் நின்று, டர்பன்டைன் தொட்டுத் தொட்டுப் புள்ளிகளைத் துடைத்தேன். மறுநாள் திருவனந்தபுரத்திலிருந்து சரியான வாஷர் வாங்கிவந்து என் கையாலேயே மாட்டினேன். புஷ்பம் அடிக்க, இன்னொருத்தி பின்னாலேயே பிரஷ் ஓட்ட, பண்டிகைக்கு முந்தின நாள் வேலை முடிந்தது. மறுவாரம் அக்கா வழக்கம்போலக் குப்பியோடு கடைக்கு வந்தார். "இனி நம்பிக்கை வராதோ?" என்று கேட்டேன். "நம்பிக்கை வேற மக்கா, ஊறப்போடுதது வேற" என்றார். கடைசிவரை வேறு கடைக்கு அவர் போகவில்லை.

அடக்க ஆராதனையில் அந்த மச்சுக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தோம். அடுத்த வாரம் குளச்சலில் எடுத்த வேலை நின்றுவிடாது என்று புஷ்பம் சொன்னாள். நிற்காது, எனக்கும் தெரியும்.

முந்தாநாள் ஒருவர் அவசரமாக வந்து மூன்று ஸ்டெயின் பம்பு கேட்டார். பம்பு கண்ணுக்கு முன்னால் அடுக்கியிருந்தது. "உங்க வேலைக்கு இதுக்க வாஷர் தாங்காது. சரியானது வர ரெண்டு நாளாவும்" என்றேன். அவர் முறைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். அங்கே வாங்கியும் விட்டார். போகட்டும். நான் கொடுத்த பம்பால் இனி ஒரு பிள்ளை சாரத்தின் மேல் உட்கார்ந்து அழக் கூடாது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.