ஒன்பது நாள் ஒருசந்தி

என் தங்கையின் கலியாணத்தை நிறுத்தும்படி கடவுளே எனக்குச் சொல்கிறார் என்று ஒன்பது நாட்கள் முழுமனதோடு நம்பியிருந்தேன். எனக்குப் பைத்தியம் ஒன்றும் பிடித்திருக்கவில்லை. பசாசு கொம்பும் வாலுமாக வந்திருந்தால் விளக்குமாற்றால் அடித்துத் துரத்தியிருப்பேன். அந்தத் துணிவு எனக்கு எப்போதும் உண்டு. அது செபமாலையும் கையுமாக வந்தது. நானே கதிரை போட்டு இருத்தினேன்.

ஐம்பதுகளின் கடைசி. முல்லைத்தீவுக் கரையில் எங்கள் வீடு. அப்பாவுக்குக் கரவலை இழுத்து மீன் பிடிக்கிற தொழில். நான் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்தெட்டு வயது, தங்கைக்கு இருபத்திரண்டு. எனக்குக் கலியாணம் ஒன்றும் சரிவரவில்லை. அதற்கான காரணத்தை ஊர் தன்பாட்டில் கண்டுபிடித்து வைத்திருந்தது: மூத்தவள் கோயிலே கதி என்று கிடக்கிறாள், கன்னியாஸ்திரியாகத்தான் போவாள். அப்படி நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஒருவரும் கேட்டு வரவில்லை என்பதைவிட அது காதுக்கு நன்றாக இருந்ததால் மறுக்காமல் விட்டுவிட்டேன். அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டு, மூத்தவள் கடவுளுக்கு என்று சொல்லி, இளையவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தார். நான் சிரித்த முகத்தோடு பலகாரம் சுட்டேன்.

அந்தக் காலத்தில் கலியாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு கோயிலில் அறிவித்தல் வாசிப்பார்கள். பூசை லத்தீனில் நடக்கும். அறிவித்தல் மட்டும் தமிழில் வரும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், இவர்களுக்குள் விக்கினம் ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று முடியும். ஊரில் எத்தனையோ பேருடைய கலியாணத்துக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிய வசனம் அது. தங்கைக்கு முதல் அறிவித்தல் வாசித்த ஞாயிறு, அந்த வசனம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது. ஏனென்றால் எனக்கு ஒரு விஷயம் தெரியும்.

ஊரில் எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இரண்டு வருடங்களுக்கு முன்பு மாப்பிள்ளையின் தாய் என்னிடம் வந்திருந்தார். மகன் கொக்கிளாய்க் கரையில் குடிசை கட்டி, வாடி போட்டு மீன்தொழில் செய்த பருவத்தில் அங்கே ஒரு வீட்டில் பெண் பேசியிருக்கிறார்கள். அது சரிவராது, அந்தப் பேச்சை விட்டுவிடுவோம் என்று பெண்வீட்டாருக்கு எழுதச் சொன்னார். நாலு வரி. எழுதி, வாசித்துக் காட்டி, ஒட்டிக் கொடுத்துவிட்டு மறந்துபோனேன்.

இப்போது அது நினைவுக்கு வந்தது. உடனே கோள் சொல்லக் கூடாது, கடவுளுடைய சித்தத்தை அறிந்துதான் செய்யவேண்டும் என்று, திங்கட்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நவநாள் செபமும் ஒருசந்தி நோன்பும் பிடித்தேன். பகலில் ஒருவேளைச் சோறு மட்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தங்கை அதைச் சூடாக எடுத்து மூடி வைத்திருப்பாள்.

செபத்தில் உட்கார உட்கார அந்தக் கடிதம் ஊதிப் பெருத்தது. மூன்றாம் நாள், மாப்பிள்ளை அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஐந்தாம் நாள், அதைச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தார். இரண்டாம் அறிவித்தலும் வாசித்து முடிந்த ஏழாம் நாள், அந்தப் பெண் கொக்கிளாய்க் கரையில் நின்று தலைவிரிகோலமாக அழுதுகொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் எனக்குள்ளே ஒரு வெளிச்சமும் ஆறுதலும் வந்தன. சொல்லு, உன் தங்கையைக் காப்பாற்று என்ற கட்டளை துலக்கமாகக் கேட்டது. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன்கோயில் என்று சைவச் சனங்கள் சொல்வார்கள். நாங்களும் குறைந்தவர்கள் இல்லை.

நவநாள் முடிந்த மறுநாள் புதன்கிழமை, நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, விக்கினத்தைச் சொல்லக் கோயில் சுவாமியார் வீட்டுக்குப் போனேன். சுவாமியார் சாகக் கிடந்த ஒருவருக்கு அவஸ்தை என்கிற கடைசி ஆசீர்வாதம் கொடுக்கப் போயிருந்தார். அவருக்குச் சமைக்கிற கிழவர் விறாந்தையில் என்னை இருத்திவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தார். வேண்டாம், ஒன்பது நாளாக ஒருசந்தி, இன்றைக்கும் விடவில்லை என்றேன், அவருக்கு நன்றாகக் கேட்கும்படியாக.

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒருசந்தியோ? கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட முகம் மாதிரியெல்லோ இருக்கு, ரீச்சர்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

சும்மா சொன்ன சொல். ஆனால் நான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். உண்மையாகவே சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். எதை நினைத்துச் சிரித்தேன் என்று தேடினேன். தங்கை அழுகிறாள், நான் அவளை மடியில் சாய்த்துக் கண்ணீரைத் துடைக்கிறேன், அக்கா இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஊர் சொல்கிறது, அதை நினைத்துத்தான்.

சுவாமியாரிடம் சொல்லவேண்டிய வசனத்தைச் சரிபார்க்கத் தொடங்கினேன். கடிதத்தில் எழுதியது நாலு வரி. வாக்கு என்று ஒரு சொல் அதில் இல்லை. சத்தியம் இல்லை. அந்தப் பெண்ணை நான் கண்டதே இல்லை. அப்படியானால் அவளுடைய கண்ணீர் எங்கேயிருந்து வந்தது? அது என்னுடைய கண்ணீர். பலகாரம் சுட்ட அன்று அழாமல் விட்டது. இன்னொன்றும் தெரிந்தது. தங்கையும் நானும் ஒரே பாயில் படுக்கிறோம். அவளைக் காப்பாற்றப் புறப்பட்டவள், அவளிடம் ஒரு சொல் சொல்லாமல் நேரே சுவாமியாரிடம் வந்திருக்கிறேன்.

இன்றைக்கும் யாராவது கடவுள் சொன்னார் என்று பிறர் காரியத்தில் இறங்கினால் இரண்டைத்தான் பார்ப்பேன். அவருக்கு அதில் கொஞ்சமாவது நோகிறதா? சம்பந்தப்பட்ட ஆளிடம் முதலில் போனாரா? இரண்டும் இல்லையென்றால், அவர் எத்தனை செபமாலை சொல்லியிருந்தாலும் எனக்குக் கணக்கில்லை.

சுவாமியாரைக் காணாமலே எழுந்து வீட்டுக்கு நடந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றும் வழியில் தோன்றியது. அதுவும் பார்க்க நல்ல புத்திபோலத்தான் இருந்தது. ஆனால் மூடி வைத்தால் இன்னொரு நவநாளில் கடிதம் மறுபடி பெருக்கும் என்று எனக்குத் தெரியும். குசினியில் தங்கை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்து, அந்த நாலு வரியையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது உங்களுக்கு எப்ப தொடக்கம் தெரியும்?"

"ரெண்டு வருசமா."

"அப்ப பேச்சுக்கால் நடக்கேக்க ஏன் சொல்லேல்லை? ரெண்டு தரம் கோயிலிலை வாசிச்ச பிறகு ஏன் சொல்லுறியள்?"

ஒன்பது நாளில் நான் தயார்படுத்தாத கேள்வி அது.

"நீ எனக்கு முந்திக் கட்டுறாய். எனக்கு அது பொறுக்கேல்லை" என்றேன்.

அவள் அழுதாள். கையை நீட்டினேன், தட்டிவிட்டாள். நவநாள் தனக்காகத்தான் என்று நினைத்து, நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் பார்த்து எனக்காக அடுப்பு மூட்டியதாகச் சொன்னாள். அந்த வெட்கத்தை இன்றைக்கு நினைத்தாலும் முகம் சுடுகிறது.

பின்னேரம் எங்கள் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளையிடமே கேட்டாள். ஓம், பேச்சுக்கால் நடந்தது, இரண்டு பகுதிக்கும் ஒத்துவரவில்லை, விட்டுவிட்டோம், அந்தப் பிள்ளை கலியாணம் கட்டி இப்போது கைக்குழந்தையோடு இருக்கிறாள் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். தங்கை திரும்பி வந்து அதை அம்மாவுக்குச் சொன்னாள். என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு வந்தது. கோயிலில் பெண்கள் பக்கத்தில் பாயில் இருந்தேன். தங்கை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்க, என்னருகே முழங்காலில் இருந்தாள். சுவாமியார் அறிவித்தலை வாசித்தார். விக்கினம் என்ற சொல் வந்ததும் அவளுடைய கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதியும்படி இறுக்கமான பிடி. வாசித்து முடித்து, சுவாமியார் பீடத்துக்குத் திரும்பிப் போகும்வரையில் அவள் விடவில்லை.

எனக்கு வலித்தது, நான் கையை இழுக்கவில்லை. அவள் என்னை நம்பவில்லை. ஆனாலும் என் பக்கத்தில்தான் வந்து இருந்தாள்.